காசிமேட்டு மீன் லோடுக்கு எந்த பிக்கப்?

தம்பி, காசிமேட்டில் இருந்து பொன்னேரிக்கு தினமும் ஐஸோடு சேர்த்து ஒரு டன் மீன் ஏற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டாடா ஏஸ் பெட்ரோல் வேண்டாம். 694 சிசி, இரண்டே சிலிண்டர். முக்கால் டன்னுக்குத்தான் சரி. சிஎன்ஜியில் எரிபொருள் செலவு குறையும், ஆனால் காஸ் சிலிண்டரின் எடை நீங்கள் ஏற்றும் லோடில் கழியும். விடியற்காலையில் மீனை ஏற்றிக்கொண்டு பங்க் வரிசையில் நிற்கவும் முடியாது. அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா மாதிரி 1.5 லிட்டர் டீசல் பிக்கப் எடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: வெறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் டிரிப்பாகவே ஓட்டினால் பிஎஸ்6 (புதிய மாசு விதிப்படி வரும்) டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பொன்னேரி வரை ஓடினால் அந்தத் தொல்லை குறைவு.

நிறம்? வீட்டில் சிவப்பு கேட்கிறார்கள் என்றீர்கள். நான் வெள்ளைதான் சொல்வேன். வெயில் சூடு குறைவு, உரசினால் டச்சப் பெயின்ட் எளிதில் பொருந்தும். முக்கியமாக, துரு கிளம்பினால் முதல் நாளே கண்ணில் படும்.

உங்கள் வண்டிக்கு எமன் உப்புத் தண்ணீர்தான். என் முதல் வண்டியில் லோடு ஏற்றும் தொட்டி மூன்றே வருடத்தில் ஓட்டை விழுந்தது. தப்பு என்னுடையது, கழுவவே இல்லை. ஸ்டிக்கர், மியூசிக் சிஸ்டத்துக்குப் போகும் பணத்தில் அடிப்பக்கம் துரு தடுப்புப் பூச்சு அடியுங்கள். தொட்டிக்குள் ஃபைபர் ஷீட் போட்டு, ஐஸ் தண்ணீர் ஆக்சில் மேல் சொட்டாமல் வெளியே போக ஒரு குழாய் வையுங்கள். பவர் ஸ்டீயரிங் கட்டாயம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு நாள் ஓட்டினால் ஏனென்று புரியும்.