ரேடியோ கொர்ரென்பது சூரியப் புயலாலா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். சூரியப் புயல் என்று செய்தி வரும் நாட்களில் மீடியம் வேவில் கொர்ரென்று இரைச்சல். மின்கம்பி வழியாகப் புயல் இப்படிச் செய்யுமா?

பதில்: புயல் மின்கம்பியைத் தொடும். ஆனால் அதன் விளைவு உங்கள் ரேடியோ கேட்கும் அலைவரிசைக்கு எட்டாது.

புயலால் பூமியின் காந்தப்புலம் ஆடும்போது நீளமான உயரழுத்தக் கம்பிகளில் கிட்டத்தட்ட டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) போன்ற மின்னோட்டம் ஓடும். துணைமின் நிலைய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அது நுழைவது நியூட்ரல் எர்த், அதாவது டிரான்ஸ்ஃபார்மரை மண்ணோடு இணைக்கும் கம்பி, வழியாக. அதனால் இரும்புக் கோர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் மட்டும் காந்தம் நிரம்பி, மின்னோட்டம் கூராக எகிறும். 50 ஹெர்ட்ஸ் அலை கோணிப்போய் 100, 150, 200 என்று ஹார்மோனிக்ஸ் (50-இன் மடங்கு அலைகள்) கிளம்பும். கம்பியே அவற்றுக்கு ஆன்டெனா. சாதாரண நாளில் 100, 200 மிகக் குறைவு, அவை ஏறினால் சந்தேகப்படலாம். 1989 மார்ச் 13 அன்று கியூபெக்கில் இந்த ஹார்மோனிக்ஸால்தான் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் கருவிகள் டிரிப் ஆகி, சுமார் ஒன்றரை நிமிடத்தில் கிரிட்டே (மொத்த மின்கட்டமைப்பே) விழுந்தது.

இவற்றின் பலமெல்லாம் சில கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் எங்கே, இது எங்கே! வேலூர் வட்டாரம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் கனடா அளவு ஆட்டமும் இங்கே இல்லை. பகலில் புயல் மோதினால் தலைக்கு மேலே அயனிமண்டலத்தில் (மின்னேற்றம் பெற்ற உயர்வளி அடுக்கில்) ஓடும் மின்னோட்டம் முதல் அதிர்வைக் கொஞ்சம் பெருக்கும். 2024 மே 10 புயல் மோதியதோ நமக்கு இரவு பத்தரை மணிவாக்கில். புயலின் விளைவைப் பார்க்க வேண்டியிருந்தால் திருவலம் 765 கேவி போன்ற நிலையங்களில் பார்க்கலாம். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் 11 கேவி பக்கம் டெல்டா (சுருள்கள் முக்கோணமாக இணைந்தது). அங்கே அந்த மின்னோட்டம் நுழைய நியூட்ரலே கிடையாது.

எனவே வீட்டில் தேடுங்கள். பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு மெயினை அணையுங்கள். சத்தம் நின்றால் எம்சிபிகளை (மெயின் போர்டின் தனித்தனி சுவிட்சுகளை) ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எல்இடி பல்பு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர்தான் மாட்டும்.

நிற்காவிட்டால் கம்பி வழியே நடங்கள். மீடியம் வேவில் இரைச்சல் பல கம்பங்கள் தாண்டி ஓடும், அதனால் சத்தம் அதிகமான கம்பமே குற்றவாளி என்று எண்ண வேண்டாம். ஷார்ட் வேவில் 15 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் இடம் குறுகும். மழையில் அடங்கினால் தளர்ந்த கட்டுக்கம்பியில் பொறி. பனி ஈரத்தில் கூடினால் அழுக்கேறிய இன்சுலேட்டர். ஸ்டே கம்பியை (கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியை) ஆட்டிப் பார்க்காதீர்கள். கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். ஈரத்திலா வெயிலிலா என்பதையும் சேர்த்தே சொன்னால் லைன்மேனுக்கு ஏறும் வேலை குறையும்.