அந்த 40 மணி நேரம் யாருடையது?

கேள்வி: வயது 41, கோவையில் வேலை, இரண்டு பிள்ளைகள். இந்த ஆண்டு 200, 300, 400, 600 கிலோமீட்டர் சைக்கிள் பயணங்கள் நான்கையும் முடித்து 'சூப்பர் ரேண்டனர்' என்ற பட்டம் பெற்றேன். ஒவ்வொன்றையும் படம், சராசரி வேகத்தோடு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். "உங்களைப் பார்த்தால் எங்களுக்கு ஓட்டவே தோன்றவில்லை" என்று சொல்லி ஒருவர் விலகிவிட்டார். நான் ஊக்கம் தருவதாகத்தான் நினைத்திருந்தேன். என் மனைவியும் முன்பு ஓட்டுவாள். இப்போது அவள் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. பதிவிடுவதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: குழுவிலிருந்து விலகியவருக்காக இத்தனை வருத்தம். வீட்டுக்குள்ளேயே விலகியவருக்கு ஒற்றை வரி. அதுவும் அவருடைய சைக்கிளைப் பற்றி. எத்தனை காலமாக நிற்கிறது அது? டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்தியாவது பார்த்தீர்களா?

பெரிய சாதனை யாரையும் சோர்வடையச் செய்வதில்லை, தம்பி. டாமி காட்வின் என்ற ஆங்கிலேயர் 1939இல் ஒரே ஆண்டில் 75,000 மைலுக்கு மேல் ஓட்டினார். வியந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அடுத்த தெருக்காரர் 600 கிலோமீட்டர் ஓட்டினால்தான் உறுத்துகிறது. நம்மைப் போலவே வேலை, பிள்ளை குட்டி உள்ளவர், அவருக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது?

அந்த விடையைத்தான் நீங்கள் எழுதுவதே இல்லை. 600 கிலோமீட்டருக்குக் கெடு 40 மணி நேரம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு இரவு பத்து வரை. அந்த இரண்டு நாளும் பால் வாங்கியது யார்? பிள்ளைகளைப் படிக்க உட்காரவைத்தது யார்? பயிற்சி என்று போன மற்ற ஞாயிறுகளில்? பிள்ளை வளர்ப்பு இரண்டு பேர் வேலை. ஒருவர் எழுந்து போனால் மற்றவர் உட்கார்ந்தே தீரவேண்டும்.

லெப்டினன்ட் கர்னல் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' சைக்கிள் பந்தயத்தைத் தனியாக முடித்த முதல் இந்தியர், 2017இல். தனியாக என்றாலும் அந்தப் பந்தயத்தில் உணவையும் உறக்கத்தையும் கவனிக்க வண்டியில் ஒரு குழு பின்னாலேயே போகும். அதை யாரும் மறைப்பதில்லை. உங்கள் குழு அடுப்படியில் நின்றது; படத்தில் இல்லை.

அப்புறம் அந்தச் சராசரி வேகம். நீங்கள் ஓட்டுவது பந்தயமே அல்ல. முதலில் வந்தவருக்கும் கெடு முடியும் நேரத்தில் வந்து சேர்ந்தவருக்கும் அங்கே ஒரே மரியாதை. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், வழியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். புதிதாக வருபவருக்கு இதைச் சொன்னீர்களா? வேகத்தைத்தான் சொன்னீர்கள்.

பதிவிடுங்கள், யார் தயவில் ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்து. ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்கு எந்த நீண்ட பயணத்துக்கும் பெயர் கொடுக்காதீர்கள். ஞாயிறு காலை உங்கள் மனைவியுடையது. ஓட்டுவாரோ, கோயிலுக்குப் போவாரோ, தூங்குவாரோ, அது அவர் பாடு. ஓட்டக் கிளம்பினால் கியர் மாற்றச் சொல்லித்தருகிறேன் என்று பின்னாலேயே போய்விடாதீர்கள். வீட்டில் இருங்கள். மாவு அரைக்க வேண்டியிருக்கும்.