மார்க்கரும் பண்டிலும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

செயலிகளின் வடிவமைப்பு பற்றி நீங்கள் எழுதுவதை இரண்டு வருடமாகப் படித்து வருகிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் மார்க்கர் போட்டவள். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் துண்டுகளை அடுக்கி, எவ்வளவு குறைந்த துணியில் எவ்வளவு பீஸ் எடுக்கலாம் என்று பார்க்கும் வேலை. இப்போது மாலை வகுப்பில் யூஐ டிசைன், அதாவது செயலித் திரைகளை வடிவமைக்கும் வேலை, படிக்கிறேன்.

திரை வரையும் மென்பொருளான ஃபிக்மா எனக்குச் சிரமமாக இல்லை. திரையை அடுக்குவதுதான் வரவில்லை. ஒரு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் திரையைப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு முறை மாற்றிவிட்டேன். "நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது, இடம் விடுங்கள்" என்கிறார் ஆசிரியர். இடம் விட்டால் "சிதறிக் கிடக்கிறது" என்கிறார். யூட்யூபில் பார்த்தால் ஒருவர் எட்டின் மடங்கு என்கிறார், ஒருவர் பன்னிரண்டு பத்திக் கட்டம் என்கிறார், இன்னொருவர் தங்க விகிதம் என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது? இல்லை, இது பிறவியிலேயே கண்ணில் இருக்க வேண்டிய விஷயமா? எனக்கு 34 வயதாகிறது. திரையை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் திரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 360 பிக்சல் அகலம், 800 பிக்சல் உயரம். மேலே கிளினிக்கின் படம், அதன் கீழே பெயர், வயது, தொலைபேசி, டாக்டர், தேதி, நேரம், என்ன தொந்தரவு, கட்டணம், கடைசியில் இரண்டு பட்டன். ஓர் இடம்கூட வீணாகவில்லை. வயதுப் பெட்டிக்கு வலப்பக்கம் மிஞ்சிய துண்டு இடத்தில்கூட ஒரு வாட்ஸப் குறியை வைத்திருக்கிறீர்கள். பதினோரு வருட மார்க்கர் பழக்கம் அப்படியே இருக்கிறது. மார்க்கரில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே விட்ட இடம் கட்டிங் வேஸ்டாகப் போகும், அதனால் ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றைச் செருகுகிறீர்கள். ஸ்மால் சைஸ் கைக்குப் பக்கத்தில் எக்ஸ்எல் முன்பக்கம் கிடக்கலாம். யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கே பக்கத்தில் இருப்பதற்கு அர்த்தம் கிடையாது. திரையில் ஒன்று எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்குச் சொந்தம் என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் வெட்டி முடித்த பிறகு நீங்களே இன்னொரு வேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டி, சைஸ் வாரியாகப் பிரித்து, பண்டில் கட்டுவார்கள். எம் சைஸ் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் ஒரே சைஸ் கட்டுகளாகத் தையல் லைனுக்குப் போகும். தைக்கிறவருக்கு யோசிக்கிற வேலை இல்லை. திரையை அடுக்குவது அந்த வேலை. உங்களுக்குத் தெரியாத வேலை இல்லை, இத்தனை நாள் கட்டிங் டேபிளின் எந்த முனையில் நின்றீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் திரையின் அளவுகளைப் பாருங்கள். "தேதி" என்ற லேபிளுக்கும் அதன் பெட்டிக்கும் நடுவே 16. அந்தப் பெட்டிக்கும் அடுத்த லேபிளான "நேரம்" என்பதற்கும் நடுவே அதே 16. எல்லா இடத்திலும் 16. ஆகவே "நேரம்" என்ற சொல் மேலே இருக்கும் பெட்டிக்குச் சொந்தமா, கீழே இருக்கும் பெட்டிக்கா என்பதைக் கண் ஒவ்வொரு வரியிலும் நின்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஆசிரியர் நெரிசல் என்று சொன்னது இதைத்தான். நீங்கள் 16 எல்லாவற்றையும் 28 ஆக்கியபோது அவர் சிதறல் என்று சொன்னதும் இதையேதான். இரண்டு முறையும் இடைவெளிகள் ஒரே அளவாக இருந்தன. லேபிளுக்கும் பெட்டிக்கும் 8 வையுங்கள், பெட்டிக்கும் அடுத்த லேபிளுக்கும் 24. நோயாளி விவரம் முடிந்து டாக்டர் விவரம் தொடங்கும் இடத்தில் 40. வேறு எதையும் தொடாதீர்கள், நிறத்தைக்கூட. பத்து நிமிட வேலை, செய்துவிட்டு இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது பழைய ஆராய்ச்சி. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசையாகப் புள்ளிகள், ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளியை மட்டும் மாற்றியிருப்பார். பார்க்கிற யாரும் தனிப் புள்ளிகளாகப் பார்ப்பதில்லை, ஜோடி ஜோடியாகத்தான் பார்க்கிறார்கள். கோடு போட்டு இணைக்க வேண்டாம், நிறம் கொடுக்க வேண்டாம், கிட்ட இருந்தாலே போதும். பள்ளியில் பொதுமொழி என்று படித்திருப்பீர்கள்: பலகை, பல கை. எழுத்து மூன்றும் அதேதான், நடுவில் விட்ட இடம் பொருளை மாற்றிவிடுகிறது. நம் ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிற வழக்கம் இல்லை, பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. பதிப்பாசிரியர்கள் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும் திரையைப் பார்க்கிறவரும் அப்படித்தான் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் காய்ச்சலில் அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

இந்த விஷயத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் வாக்குச்சீட்டை வடிவமைத்த அதிகாரி நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்தார். அங்கே முதியவர்கள் அதிகம், அவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்து பெரிதானதும் அதிபர், துணை அதிபர் என்று பத்து ஜோடி வேட்பாளர்களும் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. இடது பக்கம் சிலர், வலது பக்கம் சிலர், வாக்களிக்கத் துளை குத்தும் வரிசை மட்டும் நடுவில் ஒன்றே ஒன்று. இடது பக்கத்தில் ஜார்ஜ் புஷ் முதல் பெயர், அவருடைய முக்கியப் போட்டியாளர் அல் கோர் இரண்டாவது பெயர். ஆனால் நடுவில் இருந்த இரண்டாவது துளை வலது பக்கத்து முதல் பெயரான பேட் புக்கானனுடையது. கோருக்கு உரியது மூன்றாவது துளை. அம்புக்குறிகள் இருந்தன. இருந்தும் அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,400க்கும் மேல் வாக்கு விழுந்தது, மாநிலத்தின் வேறெந்த மாவட்டத்திலும் அதில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் பல தனக்கு விழ வேண்டிய வாக்குகள் இல்லை என்று அவரே சொன்னார். இரண்டு துளை குத்தியதால் செல்லாமல் போன சீட்டுகள் 19,000க்கும் மேல். மாநிலம் முழுக்க எண்ணிய பிறகு புஷ் ஜெயித்தது 537 வாக்கில், அந்த மாநிலத்தோடு அதிபர் பதவியும் அவருக்குப் போனது.

எழுத்து பெரிதாக இருந்தது, தெளிவாகவும் இருந்தது. இரண்டாவது பெயருக்கு நேரே இரண்டாவது துளை இல்லை, அவ்வளவுதான். ஒரு சீட்டில் ஒன்றை மாற்றினால் மற்றவை நகரும் என்பதையும் கவனியுங்கள். எழுத்தளவு பற்றி எடுத்த முடிவு அடுக்கைக் கலைத்துவிட்டது.

என் கையாலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு மருந்துக்கடைக்கு பில் போடும் திரை வரைந்தேன். "சேமி" பட்டனும் "பில்லை அழி" பட்டனும் ஒரே அளவு, ஒரே வரிசை, நடுவே 8 பிக்சல். பார்க்கச் சீராக இருந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. முதல் வாரத்திலேயே கவுன்டரில் இருந்த பெண் அவசரத்தில் மாற்றி அழுத்தி, அழிந்த பில்களை இரவு எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து மறுபடி போட்டார். தன் தப்பு என்றுதான் அவர் நினைத்தார். இல்லை, என் தப்பு என்று அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். உங்கள் திரையிலும் "சமர்ப்பிக்கவும்", "ரத்து" இரண்டும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. "ரத்து" என்பதை வெறும் எழுத்தாக்கி, தள்ளி வையுங்கள். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் அளந்து சொன்னது இன்றும் அப்படியே பொருந்தும்: இலக்கு சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச் சேர நேரம் கூடும். அடிக்கடி வேண்டியதைப் பெரிதாக, பெருவிரலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் தொடும் இடத்துக்கு 48 அலகு சொல்கிறது, ஆப்பிள் 44 சொல்கிறது. நீங்கள் நேரம் தேர்ந்தெடுக்க வைத்திருக்கும் பட்டன்கள் 28 உயரம். என் விரலுக்கே அது போதாது, உங்கள் நோயாளிகளில் எழுபது வயதுக்காரர்களும் இருப்பார்கள்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ஃபிக்மாவை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். அந்தத் திரைக்கு வருகிறவர் மனதில் என்னென்ன கேள்வி, எந்த வரிசையில் இருக்கும் என்று எழுதுங்கள். எந்த டாக்டர், இன்றைக்கு இருக்கிறாரா, எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு ஆகும். உங்கள் திரையில் கிளினிக்கின் கட்டடப் படம் 240 எடுத்துக்கொண்டது, முழு உயரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தப் படம் பதில் சொல்லவில்லை. கட்டணத்துக்குப் போக ஸ்க்ரோல் செய்ய வேண்டியிருக்கிறது. படத்தை எடுத்துவிட்டால் டாக்டர், தேதி, நேரம் மூன்றும் முதல் பார்வைக்குள் வந்துவிடும். பெயர், வயது, தொலைபேசி எல்லாம் அப்புறம் கேட்கலாம், நேரம் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பு யாருக்கும் தன் வயதைத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. இந்த வரிசை முடிவாகாமல் கட்டம் போட்டால், கட்டம் அழகாக இருக்கும், திரை வேலை செய்யாது.

எட்டின் மடங்கு நல்ல பழக்கம், ஆனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களின் திரை அடர்த்தி ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மாறும்போது 8, 16, 24 எல்லாம் பின்னம் இல்லாமல் முழு எண்ணாகவே பெருகும். அப்புறம், 13ஆ 14ஆ 15ஆ என்று ஒவ்வோர் இடத்திலும் யோசிக்க வேண்டியதில்லை. அகலத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் பத்திக் கட்டம் அகலமான கம்ப்யூட்டர் திரைக்கு உதவும், 360 அகலத்துக்கு அது வேண்டாம். இடமும் வலமும் 16 விட்டு ஒரே பத்தியாகப் போங்கள், எல்லா லேபிளும் ஒரே இடக்கோட்டில் தொடங்கட்டும். துணியில் நூல் ஓடும் திசையான கிரெய்ன் லைன் தப்பினால் சட்டை முறுக்கிக்கொள்ளும் அல்லவா, அந்தக் கண்டிப்போடு இந்தக் கோட்டைப் பிடியுங்கள். அழகுக்கு என்று சொல்லப்படும் 1:1.618 என்ற தங்க விகிதத்தை மறந்துவிடுங்கள். நான் ஒரு திரைக்குக்கூட அதைப் பயன்படுத்தியதில்லை.

இன்னொன்று, இதை உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கமாட்டார். நீங்கள் ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுப் பிறகு தமிழை நிரப்பியிருக்கிறீர்கள் என்று பார்த்ததுமே தெரிகிறது. "சப்மிட்" ஆங்கிலத்தில் ஆறே எழுத்து, அதற்கு வெட்டிய பட்டனில் "சமர்ப்பிக்கவும்" எப்படி அடங்கும்? நீங்கள் எழுத்தைச் சிறிதாக்கி அடக்கிவிட்டீர்கள், படிக்க முடியவில்லை. முதலிலிருந்தே தமிழில் வரையுங்கள். நீளமான சொல்லை வைத்துப் பட்டனை அளந்துகொள்ளுங்கள், முடிந்தால் சொல்லையே மாற்றுங்கள். "பதிவு செய்" போதுமே. வரி உயரமும் அப்படித்தான். "கீ", "கூ" எழுதிப் பாருங்கள், ஒன்று மேலே சுழிக்கிறது, ஒன்று கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் இடித்துக்கொள்ளும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள், பெட்டிகளின் உயரத்தை எண்ணில் பூட்டாமல் எழுத்துக்கு ஏற்ப வளர விடுங்கள். தமிழ் செயலிகள் பலவும் இந்த ஒரே காரணத்தால்தான் அவசரமாகச் செய்தது போலத் தெரிகின்றன, அது எனக்கு எப்போதும் வருத்தம்.

பிறவியிலேயே கண்ணில் இருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். அளந்து அளந்து வருவதுதான் இது. மார்க்கர் போட ஆரம்பித்த முதல் மாதம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். தினமும் உங்கள் போனில் இருக்கும் ஒரு செயலியின் திரையைப் படம் பிடித்து ஃபிக்மாவில் போடுங்கள். ஒவ்வோர் இடைவெளியின் மேலும் ஒரு சிவப்புக் கட்டம் வைத்து எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் சாம்பல் பெட்டிகளாலேயே அதே திரையை மறுபடி வரையுங்கள், நிறம் வேண்டாம், படம் வேண்டாம். ரயில் டிக்கெட், மின்கட்டணம், பால் செயலி எதுவானாலும் சரி. சரியில்லாத திரைகளையும் அளந்து பாருங்கள், எங்கே எண் பிசகியது என்று கையில் பிடிபடும். உங்கள் திரையை ஆறடி தள்ளி வைத்துக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். எழுத்து மறைந்த பிறகும் எத்தனை பண்டில் தெரிகிறது என்று எண்ண முடிய வேண்டும். அப்புறம் வீட்டில் பெரியவர் ஒருவர் கையில் போனைக் கொடுத்து, நாளைக் காலைக்கு நேரம் வாங்கச் சொல்லுங்கள். அவர் விரல் தயங்கி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உதவி மட்டும் செய்யாதீர்கள்.

34 வயது பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரு கால் அங்குலம் தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு நிறைய வர வேண்டும்.

திரையை மாற்றி அனுப்புங்கள். அனுப்பும்போது ஒன்றைச் சேர்த்து வரையுங்கள்: உங்கள் திரையில் டாக்டர் எல்லா நாளும் இருக்கிறார், எல்லா நேரமும் காலியாக இருக்கிறது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில், நேரப் பட்டன்கள் ஒன்றுகூட இல்லாதபோது, அந்த இடத்தில் நோயாளி எதைப் பார்ப்பார்?

அன்புடன்