வெடித்த இருநூறு கல்

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலைப் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. பசுமைக் கட்டுமானத்தை முறையாகப் படிக்க ஆசை. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் மண்கல் (சுடாமல், மண்ணை மெஷினில் அழுத்திச் செய்யும் கல்) வகுப்புக்குப் போகலாமா? அந்தச் சான்றிதழுக்கு வெளியே மதிப்பு உண்டா? அல்லது கட்டடம் எவ்வளவு பசுமையானது என்று தரம் பிரிக்கும் கிரிஹா மதிப்பீட்டுப் பயிற்சிக்குப் போவது நல்லதா?

இன்னொன்று. எங்கள் கரிசல் நிலத்திலேயே ஒரு சிறு வீடு கட்ட நினைத்து, வீடியோக்களைப் பார்த்து, கை மெஷினை வாடகைக்கு எடுத்து 240 அளவில் (24 சென்டிமீட்டர்) 200 கல் அடித்தேன். 5 சதவீதக் கணக்கில் இரண்டு மூட்டை சிமெண்ட். வெயிலில் அடுக்கி தினம் காலையில் தண்ணீர் தெளித்தேன். பத்து நாளில் முக்கால்வாசி வெடித்துவிட்டது. "மண் வீடெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்கிறார் அப்பா.

க., கோவில்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

சான்றிதழை முதலில் முடித்துவிடுவோம். 1972ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி பதிவு தருவது உங்கள் பட்டம்தான். அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஓரிரு வார மண்கல் வகுப்பு அதில் எதையும் கூட்டாது, குறைக்காது. கிரிஹா மதிப்பீடு பெரிய கட்டடங்களுக்கு ஆவணம் தயாரிப்பவர்களின் வேலை. அது தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 200 கல்தான். "5 சதவீதம் சிமெண்ட்" என்பது கொஞ்ச காலமாக வேதவாக்குபோல ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. 24×24×9 சென்டிமீட்டர் கல் ஒன்று ஏறத்தாழ பத்து கிலோ. 200 கல்லுக்கு இரண்டு டன் கலவை. அதில் 5 சதவீதம் நூறு கிலோ, இரண்டு மூட்டை. கணக்கு சரி, மண்தான் தப்பு. இன்னொருவருக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கொண்டுபோய் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஐந்து வருடம் படித்தவர் ஒரு பாட்டில் மண்ணைக் கரைத்துப் பார்க்காமல் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா? மெஷின் வாடகையும் சிமெண்டும் போனால் போகட்டும். உங்கள் அப்பாவுக்கு மண்மேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து உடைத்துவிட்டீர்கள். அதைத் திரும்பக் கட்ட ரொம்ப நாள் ஆகும்.

அந்த 5 சதவீதம் எந்த மண்ணுக்கு? சிமெண்ட் சேர்க்கும் கல்லுக்கு ஆரோவில்காரர்கள் சொல்லும் நல்ல மண் தோராயமாக இப்படி இருக்கும்: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். அவர்கள் காலடியில் கிடப்பது செம்மண். அந்த மண்ணில் குறைந்தது 3, சராசரி 5 சதவீதம் சிமெண்ட் போதும். சிமெண்ட் மணலையும் சரளையையும்தான் ஒட்டிப் பிடிக்கும். களியை அதனால் கட்டிப்போட முடியாது. கரிசலில் இருப்பதோ சாதாரணக் களியும் அல்ல, தண்ணீர் குடித்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் மாண்ட்மோரில்லோனைட் வகைக் களி. கோடையில் உங்கள் காட்டில் காலை விழுங்கும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அதே வேலையைத்தான் அது கல்லுக்குள்ளும் செய்தது. இரண்டு மூட்டைக்குப் பதில் நாலு மூட்டை போட்டிருந்தால் கொஞ்சம் தாமதமாக வெடித்திருக்கும், அவ்வளவுதான்.

"அப்படியானால் மணல் சேர்த்துவிடலாமே" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மண்ணில் களி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதை 20க்கு இறக்க, நூறு கிலோ மண்ணுக்கு நூற்றைம்பது கிலோ மணல் வேண்டும். கல்லில் அறுபது பங்கு வெளியிலிருந்து லாரியில் வந்த மணலாகிவிடும். ஆற்றைச் சுரண்டியோ மலையை உடைத்தோ வந்த மணலில் கல் அடித்துவிட்டு, அதைப் பசுமை வீடு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மண்கல்லின் நியாயமே தோண்டிய இடத்தில் கட்டுவதுதான். ஆரோவிலில் விகாஸ் குடியிருப்பின் நான்கு மாடிக் கட்டடத்துக்குக் கல் அடித்த மண், அதன் அடித்தளத்துக்காகத் தோண்டிய அதே மண். விருந்தினர் மையமும் மண்கல்லில் எழுந்ததுதான். ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருதை 1992இல் பெற்றது. அவற்றைப் பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறவர்கள் வளைவையும் குவிமாடத்தையும் மனதில் எடுத்து வருகிறார்கள். காலடியில் கிடந்த மண்ணைப் படித்துவிட்டுத் தொடங்கினார்களே, அதை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் குழி தோண்டுங்கள். உங்கள் நிலத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று இடத்தில், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் ஆழம். மேல்மண்ணில் வேரும் மட்கும் இருக்கும். அது கல்லுக்கு ஆகாது, வயலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரிசலுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான் கல்லும் சரளையும் கலந்த வேறு மண் வரும். நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக ஒரு படி மண் எடுங்கள்.

நேரான கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் ஊற விட்டு மறுபடி குலுக்குங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணலும் சரளையும், அரை மணியில் அதன்மேல் படிவது வண்டல், மறுநாள் வரை இறங்கிக்கொண்டிருப்பது களி. ஒவ்வொரு கட்டத்திலும் கோடு போடுங்கள். களி தண்ணீரில் உப்பி நிற்பதால் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். பாட்டிலை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முடிவு சொல்லும் சோதனை மரப்பெட்டி. உள்ளளவு 60 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 4 உயரம். உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை மூலைவரை அமுக்கி நிரப்புங்கள். நன்றாகக் காய்ந்தபின் துண்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கம் விழுந்த இடைவெளியை அளந்து பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் சிமெண்டுக்கு நல்ல மண். ஆறைத் தாண்டினால் அந்த மண்ணில் சிமெண்ட் போடுவதை மறந்துவிடுங்கள். இந்தப் பெட்டிக்கு ஆகும் செலவு அரை மூட்டை சிமெண்டுக்கும் குறைவு.

களி மிகுந்த மண்ணுக்கு நீர்த்த சுண்ணாம்பு. சராசரி 6 சதவீதம், 10க்கு மேல் போக வேண்டியதில்லை. சுண்ணாம்பு களியோடு வினைபுரிந்து அதன் உப்பும் குணத்தையே மாற்றும். ஆனால் மெதுவாக. கரிசல் கட்டியை நன்றாக உடைத்துச் சலித்து, சுண்ணாம்பைக் கலந்து ஈரமாக்கி, தார்ப்பாய் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் பிசுபிசுப்பு போய்ப் பொலபொலவென்று உதிரும். அப்போது அடிக்கலாம். சிமெண்ட் கலவையை இப்படி வைத்திருக்கக் கூடாது, அரை மணிக்குள் மெஷினில் போய்விட வேண்டும். சுண்ணாம்புக் கல்லை 28 நாளைத் தாண்டியும் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். முதலில் இருபது கல் மட்டும் அடியுங்கள். தம்பி, இருபது!

ஈரம் பார்க்க, கலவையைக் கைப்பிடி உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து கடினமான தரையில் போடுங்கள். நாலைந்து துண்டானால் பதம். பொடிப்பொடியானால் தண்ணீர் போதாது. சப்பென்று ஒட்டிக்கொண்டால் அதிகம். வெடித்த கல்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது பேசும். மேற்பரப்பில் வலைபோல மெல்லிய வெடிப்பு என்றால் களி மிகுதி, அல்லது வெயில். படுக்கைவாட்டில் ஏடு ஏடாகப் பிரிந்தால் ஈரம் கூடியிருக்கும், அல்லது காற்று அடைபட்டிருக்கும். விளிம்பு உதிர்ந்தால் ஈரம் குறைவு, அல்லது மூலையில் மண் நிரம்பவில்லை. கல்லுக்குக் கல் உயரம் மாறினால் அச்சில் போடும் மண்ணை ஒரே அளவாகப் போடவில்லை.

தினம் காலையில் தண்ணீர் தெளித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. காலையில் தெளித்த தண்ணீர் உங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்கெல்லாம் போய்விடும். ஈரம், காய்ச்சல், ஈரம், காய்ச்சல் என்று உப்பும் களியைப் பத்து நாள் மாற்றி மாற்றி வதைத்திருக்கிறீர்கள். அடித்த கல்லை நிழலில் அடுக்கி, முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். பிறகு நாலு வாரம் சாக்குப் போட்டு, அந்தச் சாக்கு ஒரு வேளைகூடக் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு ஆளைத் தனியாக வைக்க முடியாதென்றால் கல் அடிக்கவே தொடங்காதீர்கள்.

அப்பா சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கரிசலில் மண்கல் என்ன, செங்கல் வீடும்தான் வெடிக்கிறது. அங்கே குற்றவாளி கடைக்கால். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் நிலம் வீட்டையே தூக்கித் தூக்கி இறக்கும். சுவரில் படிக்கட்டுபோல ஏறும் வெடிப்பைப் பார்த்தால் கல்லைத் திட்டாதீர்கள், கீழே பாருங்கள். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த நிலத்துக்காகத்தான் அடியில் குமிழ் வைத்த பைல் (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கியது. ஆழமான கரிசலில் சுமார் மூன்றரை மீட்டர் இறங்கி, தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு குமிழ். மேலே அவற்றைக் கட்டும் பீம் தரையைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் மண் பீமையே நெட்டித் தள்ளும். கரிசல் ஆழம் குறைவாக இருந்தால், அதைத் தாண்டிக் கெட்டிச் சரளை வரை கடைக்கால் குழி தோண்டினாலே போதும். இதையும் அந்தக் குழிதான் உங்களுக்குச் சொல்லும்.

வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். 1989இல் மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோ துணையோடு தொடங்கிய இடம் அது, பட்டம் தருவதற்காக அல்ல. சலிப்பதையும் அழுத்துவதையும் அடுக்குவதையும் உங்கள் கையாலேயே செய்ய வைப்பார்கள். கல்லூரியில் உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று குழியின் மண்ணையும் தனித்தனிச் சாக்கில் பத்துப் பத்துக் கிலோ கட்டி, எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று சீட்டு எழுதி எடுத்துப் போங்கள். வெடித்த கல்லிலும் இரண்டு.

குழியை இந்த மாதமே தோண்டிவிடுங்கள், அப்பாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசலில் கடப்பாரை இறங்கும், காலைத்தான் எடுக்க முடியாது.