துண்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் கூடியது ஏன்?

கேள்வி: வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும்போது நண்பர் வழுக்கி விழுந்தார். பாறை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. காயத்துக்கு மேலே துண்டைக் கட்டினோம். ரத்தம் இன்னும் அதிகமாக வந்ததுபோல் இருந்தது. நடுநடுவே அவிழ்த்தும் விட்டோம். செய்தது சரியா?

பதில்: உங்கள் கண் பொய் சொல்லவில்லை. கையால் இறுக்கிய துண்டு, தோலருகே ஓடும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, அடைத்துவிடும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவந்து ஆழத்தில் வேகமாகப் பாயும் தமனியை அடைக்காது. காலுக்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வர வழி இருக்காது. அதனால் காயம் வழியாகக் கொட்டும். அரைகுறைக் கட்டுக்குக் கட்டாமல் இருப்பதே மேல்.

முதலில் வேண்டியது கட்டு அல்ல, கை. பேன்ட்டைக் கிழித்து, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துண்டை மடித்து அந்த இடத்தில் வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் எடையைப் போட்டு அழுத்துங்கள். கடிகாரம் பார்த்து 10 நிமிடம். "நின்னுடுச்சா?" என்று நடுவில் தூக்கிப் பார்க்கிறோமே, அதில்தான் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்துகொள்கிறது. காயம் குழியாக இருந்தால் துணியை அடிவரை திணித்துவிட்டு அழுத்துங்கள். நண்பர் கத்துவார், கையை எடுக்காதீர்கள். ஆனால் கண்ணாடியோ கம்போ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அதன் இருபுறமும் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். தையல் போடுமுன் அதைக் கழுவி எடுப்பதே தனி வேலை.

இவ்வளவுக்கும் நிற்காமல் கை காலிலிருந்து பீச்சி அடித்தால்தான் கட்டு. மூன்று விரல் அகலத் துணியை, காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, முடிச்சுக்குள் உறுதியான குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். குச்சி திரும்பாமல் கட்டிவிடுங்கள். கட்டிய நேரத்தை அடிபட்டவர் கையிலேயே எழுதுங்கள். பிறகு மருத்துவர் அவிழ்க்கட்டும். நீங்கள் தளர்த்தினால் மிச்ச ரத்தமும் போகும். 2 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தால் காலுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. (பாம்புக் கடிக்கு இந்தக் கட்டு கூடவே கூடாது.)

முகம் வெளுத்து, குளிர்ந்து வியர்த்தால் நிறைய ரத்தம் போயிருக்கிறது என்று பொருள். படுக்க வைத்துப் போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். சிக்னல் இல்லையென்றால், ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க இன்னொருவர் 108-ஐக் கூப்பிடக் கீழே இறங்கட்டும். நண்பருக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா?