எம்.எஸ்.பி. வேலை செய்தாரா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்கை தீவு வாசகிக்குப் பதில்

கேள்வி: ஸ்கை தீவில் போர்ட்ரீக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மகனுக்குக் காதில் பிரச்சினை. ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் இன்வர்னெஸ் போக வேண்டியிருக்கிறது. நிரந்தரமாகத் தங்க வாடகை வீடும் கிடைப்பதில்லை. "எம்.எஸ்.பி.க்கு, அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினருக்கு, எழுது" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எழுதுவதற்கு முன், இந்தத் தொகுதியில் பத்து வருடம் இருந்த கேட் ஃபோர்ப்ஸ் என்ன செய்தார் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் தேடினேன். பல வருடங்களில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் அவர் வேலையே செய்யவில்லையா? புதிதாக வருபவரை எப்படி எடைபோடுவது? விசாவில் இருக்கும் எனக்கு எழுத உரிமை உண்டா, ஓட்டு உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதைத் தெரியாமலே ஒதுங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு ஓட்டு உண்டு. ஸ்காட்லாந்தில் 2020-இல் வந்த சட்டத்தின்படி, முறையான அனுமதியோடு தங்கியிருக்கும் எந்த நாட்டவரும் 16 வயது ஆகியிருந்தால் ஹோலிரூட் என்று சொல்லப்படும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், 18 வயது ஆன நம்மவர்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் நீங்களேதான் பதிந்துகொள்ள வேண்டும். அதனால் விசாவுக்கு எந்தப் பாதிப்பும் வராது. எம்.எஸ்.பி.க்கு எழுத ஓட்டுகூடத் தேவையில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும்.

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்தது சரி, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியல்ல. அமைச்சராக இருப்பவர் தன் அரசையே கேள்வி கேட்க மாட்டார், மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதுதான் அவர் வேலை. ஃபோர்ப்ஸ் 2016-இல் ஸ்கை, லோகாபர், பாடனாக் தொகுதியில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி சார்பில் வென்றார். 2018 ஜூனில் இணை அமைச்சரானார். 2020 பிப்ரவரி 6 அன்று, பட்ஜெட் வாசிக்க வேண்டிய நிதி அமைச்சர் டெரெக் மக்கே காலையில் பதவி விலகிவிட, சில மணி நேர அவகாசத்தில் 29 வயது ஃபோர்ப்ஸ் எழுந்து பட்ஜெட்டைப் படித்தார். அந்த மன்றத்தில் ஒரு பெண் பட்ஜெட் வாசித்தது அதுவே முதல் முறை. அதே மாதம் நிதி அமைச்சரும் ஆனார். 2023 மார்ச்சில் கட்சித் தலைமைப் போட்டியில் ஹம்சா யூசஃபிடம் ஏறத்தாழ 52க்கு 48 என்ற கணக்கில் தோற்றார். கிராமப்புற விவகாரத் துறை தருவதாகச் சொல்லியும் ஏற்காமல் பின்வரிசைக்குப் போனார். 2024 மே மாதம் துணை முதல் அமைச்சராகத் திரும்பினார். 2026 தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்.

ஆக அவருடைய பதிவை ஒரே துண்டாகப் படிக்க முடியாது. 2016 முதல் 2018 வரையும், 2023 மார்ச் முதல் 2024 மே வரையும் அவர் சாதாரண உறுப்பினர். அந்த இரண்டு காலத்துக்கும் கேள்விகள், விவாதப் பேச்சுகள், ஓட்டுகளைப் பாருங்கள். மீதிக் காலத்துக்குத் தேட வேண்டியது வேறு: அமைச்சராக அவர் கையில் இருந்த பணமும் அதிகாரமும் தொகுதிக்கு என்ன செய்தன?

இதை ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். 2022 டிசம்பரில் ஸ்காட்லாந்துக் கடற்பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தில் மீன்பிடிப்பையே தடை செய்யும் ஒரு திட்டம் வந்தது. கொண்டுவந்தது அவருடைய சொந்தக் கட்சியின் அரசு. ஸ்கையிலும் மாலேக்கிலும் கூண்டு இறக்கி இறாலும் நண்டும் பிடிக்கும் சிறு படகுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஃபோர்ப்ஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். இன்வர்னெஸ் பக்கத்து ஃபெர்கஸ் ஈவிங் இன்னும் ஒரு படி மேலே போய், ஆலோசனை அறிக்கையை அவையிலேயே கிழித்துப் போட்டார். 2023 ஜூன் மாதம் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஒரு கிராமப்புற உறுப்பினரின் பதிவில் நான் முதலில் தேடுவது இப்படிப்பட்ட இடத்தைத்தான். பெரும்பாலான நாட்களில் மாலை ஐந்து மணி வாக்கெடுப்பில் எல்லோரும் கட்சிக் கொறடா சொன்னபடிதான் கை தூக்குகிறார்கள், அந்த ஆயிரக்கணக்கான ஓட்டுகளைப் படித்து ஒன்றும் தெரியவராது. கட்சி ஒரு பக்கமும் தொகுதி மறு பக்கமும் இழுத்த அன்று அவர் எங்கே நின்றார் என்று மட்டும் பாருங்கள்.

அமைச்சர் என்ற முறையில் ஃபோர்ப்ஸின் பெயர் நிலைக்கப்போவது கேலிக் மொழி விஷயத்தில் என்று நினைக்கிறேன். கேலிக் வழியில் படித்தவர் அவர். அவர் பொறுப்பில் இருந்தபோது ஸ்காட்லாந்து மொழிகள் சட்டம் 2025 ஜூன் 17 அன்று நிறைவேறியது. கேலிக்குக்கும் ஸ்காட்ஸ் மொழிக்கும் அதிகாரபூர்வத் தகுதி வந்தது. 2022 கணக்கெடுப்பில் கேலிக் ஓரளவாவது தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 1,30,000 பேர், மக்கள்தொகையில் 2.5 சதவீதம். ஸ்லீட்டில் இருக்கும் சபல் மோர் ஆஸ்டிக் கல்லூரிக்கும், கேலிக் வழிப் பள்ளிகளை நம்பியிருக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பங்களுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ் பேசும் ஒருவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தலைவலிகளான ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் பதிவு இவ்வளவு பளிச்சென்று இல்லை. உங்கள் தீவின் பிராட்ஃபோர்டில் புது ஆஸ்பத்திரி 2022-இல் திறந்தது, அது நல்ல காரியம். ஆனால் போர்ட்ரீயில் இரவு பகலாக அவசர சிகிச்சை வேண்டும் என்று 2018-இலேயே சர் லூயிஸ் ரிட்சியின் அறிக்கை சொல்லிவிட்டது. அது முழுதாக நிறைவேறவில்லை என்று அதன்பிறகு வருடக்கணக்கில் உங்கள் ஊர்க்காரர்கள் போராட வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் பெரும்பகுதி உள்ளூர் உறுப்பினரே மூத்த அமைச்சர். ஃபோர்ட் வில்லியமின் பெல்ஃபோர்ட் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் என்ற திட்டம் 2024-இல் நிறுத்திவைக்கப்பட்டு, அடுத்த பட்ஜெட்டில்தான் மறுபடி பணம் ஒதுக்கப்பட்டது. தொகுதிக்காரர் அமைச்சரானால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமைச்சர் பதவி வாயைக் கட்டும். தன் அரசைத் தொந்தரவு செய்யும் வேலையை அப்போது வேறு யாராவதுதான் செய்ய வேண்டும்.

அந்த வேறு யாராவது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள். ஹோலிரூட்டின் 129 உறுப்பினர்களில் 73 பேர் தொகுதிக்காரர்கள், 56 பேர் எட்டு மண்டலங்களிலிருந்து மண்டலத்துக்கு ஏழு பேராக வருபவர்கள். ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் மண்டலத்தின் ஏழு பேரும் உங்களுக்கு எம்.எஸ்.பி.தான். தொகுதி உறுப்பினரையும் சேர்த்தால் எட்டுப் பேர். ஒருவர் அமைச்சரானாலோ, பதில் போடாமல் இழுத்தாலோ, எதிர்க்கட்சியைச் சேர்ந்த மண்டல உறுப்பினருக்கு எழுதுங்கள். ஒரே கடிதத்தை எட்டுப் பேருக்கும் அனுப்பாதீர்கள். இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருமே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. உடல்நலம், வீட்டுவசதி, பெரிய சாலைகள், ஆர்மடேலிலிருந்தும் ஊகிலிருந்தும் போகும் கால்மாக் கப்பல்கள் எல்லாம் ஹோலிரூட் பொறுப்பு. விசா, குடியேற்றம் முழுக்க லண்டன் பொறுப்பு, அதற்கு உங்கள் எம்.பி.யிடம்தான் போக வேண்டும். லோகாபரின் காரன் படகு பார்க்க அரசுப் படகு மாதிரி இருந்தாலும் அதை நடத்துவது ஹைலேண்ட் கவுன்சில். 2023-இல் அது மாதக்கணக்கில் ஓடாமல் நின்றபோது, தவறான அலுவலகத்துக்கு எழுதி நாளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர். வீட்டு விஷயத்தில் இரண்டு கதவு. சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம் ஹோலிரூட்டில் வந்தது. ஒரு பகுதியை, இப்படி வீடு விடுவதைக் கட்டுப்படுத்தும் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் கவுன்சில் கையில். பாடனாக், ஸ்ட்ராத்ஸ்பே பகுதியை 2024 மார்ச்சில் அப்படி அறிவித்தார்கள். ஸ்கைக்கு என்ன திட்டம் என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள், வீடு கட்ட நிதி எங்கே என்று எம்.எஸ்.பி.யைக் கேளுங்கள்.

புதியவரை எடைபோட எண்ணிக்கைகளை நம்பாதீர்கள். இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினர் பக்கத்திலும் தீர்மானங்கள் என்று நீளமான பட்டியல் வரும். உள்ளூர்க் கால்பந்துக் குழுவுக்கும் நூறு வயதான பாட்டிக்கும் வாழ்த்துச் சொல்லும் தீர்மானங்கள் அதில் ஏராளம். அன்பான காரியம், ஆனால் அவற்றால் எந்த ஆஸ்பத்திரிக் கதவும் திறக்காது. எழுத்துக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்6டபிள்யூ என்று தொடங்கும் எண் இருந்தால் ஆறாவது மன்றத்தின் எழுத்துக் கேள்வி, 2026 தேர்தலுக்குப் பிறகு எஸ்7டபிள்யூ. மன்றம் நடக்கும் நாட்களில் பத்து வேலை நாளுக்குள் அமைச்சர் பதில் தர வேண்டும். 'போர்ட்ரீ', 'ரெய்க்மோர்' (இன்வர்னெஸ் ஆஸ்பத்திரி) என்று தேடிப் பாருங்கள். பதில் "இது சுகாதார வாரியத்தின் முடிவு" என்று முடிந்திருந்தால், அடுத்த மாதம் அதே உறுப்பினர் மறுபடி கேட்டாரா? வாரியத்துக்கு எழுதினாரா? ஒரே விஷயத்தை மூன்று முறை துரத்துகிறவர், முப்பது விஷயத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போகிறவரைவிட உங்களுக்குப் பயன்படுவார்.

பதவி இல்லாதவர்களும் சட்டம் கொண்டுவர முடியும். தெற்கு ஸ்காட்லாந்தின் எம்மா ஹார்ப்பர், ஆட்டு மந்தைகளை நாய்கள் கடித்துக் குதறுவதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்து 2021-இல் சட்டமாக்கினார். அதிகபட்ச அபராதம் 40,000 பவுண்டு, சிறைத் தண்டனையும் உண்டு. உறுப்பினர்களை விடுங்கள், நீங்களே மனுப் போடலாம். ஹோலிரூட்டில் ஒரே ஒரு கையெழுத்து போதும். பெர்த் முதல் இன்வர்னெஸ் வரை ஏ9 சாலையை 2025-க்குள் நான்கு வழிச் சாலையாக்குவோம் என்ற வாக்குறுதி தவறியபோது, ஒரு பெண் போட்ட மனுவால் குழு விசாரணை நடந்தது. முன்னாள் முதல் அமைச்சர்கள் அலெக்ஸ் சால்மண்டும் நிக்கோலா ஸ்டர்ஜனும் வந்து பதில் சொன்னார்கள். புது இலக்கு இப்போது 2035.

உங்கள் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். முதல் வரியில் முகவரியும் அஞ்சல் குறியீடும். பிறகு ஒரே ஒரு பிரச்சினை. மகனின் காது மருத்துவத்தையும் வீட்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். "ரொம்பக் கஷ்டப்படுகிறோம்" என்பதைவிட, "இத்தனாம் தேதி அப்பாயின்ட்மென்ட், முந்தின நாள் ரத்து, ஒரு நாள் சம்பளம் போனது" என்று தேதியோடு எழுதினால் அவர் அலுவலக உதவியாளர் அதை அப்படியே சுகாதார வாரியத்துக்கு அனுப்ப முடியும். கடைசியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: போர்ட்ரீயிலோ பிராட்ஃபோர்டிலோ காது மருத்துவர் மாதம் ஒருமுறை வர முடியுமா, வீடியோ வழியில் பார்க்க முடியுமா என்று வாரியத்திடம் கேட்கச் சொல்லுங்கள். மகனின் மருத்துவ விவரங்களைப் பேச அனுமதிக் கடிதம் கேட்பார்கள், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, இதற்கு எம்.எஸ்.பி.யே தேவையில்லை. ஹைலேண்ட்ஸ், தீவுப் பகுதிவாசிகள் 30 மைலுக்கு மேல் பயணம் செய்து ஆஸ்பத்திரி போனால் பயணச் செலவைத் திரும்பப் பெற ஒரு திட்டம் இருக்கிறது. போர்ட்ரீயிலிருந்து ரெய்க்மோர் 180 கிலோமீட்டருக்கு மேல். பஸ் டிக்கெட், பெட்ரோல் ரசீது, அப்பாயின்ட்மென்ட் கடிதம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை ரெய்க்மோர் போகும்போதே படிவம் கேட்டு வாங்கிவிடுங்கள்.