கால்பந்துப் போட்டி நாளில் குடும்ப வன்முறை கூடுகிறதா?

கூடுகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் காவல்துறையில் 2002, 2006, 2010 உலகக் கோப்பைக் காலங்களில் பதிவான புகார்களை லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். இங்கிலாந்து அணி ஆடாத நாளைவிட, அது தோற்ற நாளில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் அதிகம். சரி, ஜெயித்தால்? ஜெயித்தாலும் சமனானாலும் 26 சதவீதம் அதிகம். தோற்ற ஆத்திரம் மட்டும் காரணமல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

மான்செஸ்டரில் நடந்த ஆய்வு இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தது. ஆட்டம் ஓடும் இரண்டு மணி நேரம் புகார்கள் குறைகின்றன, கண்ணெல்லாம் டிவியில். அப்புறம்தான் மணிக்கு மணி ஏறுகின்றன. அதுவும் குடித்திருந்தவர்களால், இரவு 7 மணிக்கு முன் தொடங்கிய ஆட்டங்களில். மதியமே பாட்டிலைத் திறந்தவர் நள்ளிரவில் கதவைத் தட்டும்போது, உள்ளே பயந்து நிற்பது மனைவி. அவளை அடித்த கைக்குப் பந்து பொறுப்பாகாது.